எஃப்டிஓ மரபணு ஆய்வு: ஆட்களைக் கூட்டினால் உணவுக் கணக்கு சரியாகுமா?

இளவேனில்:
பிஎச்.டி. இரண்டாம் வருடம். உடல் பருமனோடு தொடர்புள்ள எஃப்டிஓ மரபணுவில் வேறுபாடு உள்ளவர்களுக்குக் கொழுப்புச் சாப்பாடு கூடுதலாக எடை ஏற்றுகிறதா என்று பார்க்கிறேன். கையில் இருப்பது உணவுக் கேள்வித்தாள் ஒன்றுதான். "ஆட்களை இரண்டு மடங்காக்கு, பிழை கரைந்துவிடும்" என்கிறார் கைடு. கரையுமா?

உழக்கு:
பாதி கரையும்: ஒருவர் கூட்டி, இன்னொருவர் குறைத்து என்று ஒழுங்கில்லாமல் வருகிற பிழை. அதற்கும் இரண்டு மடங்கு பத்தாது. வாங், டே, வேர்ஹாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2003-லேயே கணக்குப் போட்டுவிட்டார்கள்: துல்லியமாகத் திரும்பத் திரும்ப அளந்த சின்ன ஆய்வு, சுமாராக அளந்த 20 மடங்கு பெரிய ஆய்வுக்கு ஈடு.

ஒரே பக்கமாகச் சாய்கிற மீதிப் பாதிதான் உங்களுக்கு வினை. பருமனானவர்கள் சாப்பிட்டதைக் குறைத்துச் சொல்வது அதிகம். அந்த மரபணு வேறுபாட்டை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை. ஆக, குறைத்துச் சொல்வதும் மரபணுவும் சேர்ந்தே வரும். ஆளைக் கூட்டினால் தப்பான விடைதான் இன்னும் உறுதியாக வரும்.

களத்தில் எனக்குத் தலைவலி எண்ணெய். "எத்தனை ஸ்பூன்?" என்றால் "தாளிக்க மட்டும்தாங்க" என்பார்கள். அதனால் அதைக் கேட்பதே இல்லை. மாசம் எத்தனை பாக்கெட், எத்தனை பேர், பலகாரம் சுட்டீர்களா என்று கேட்டு வகுத்துக்கொள்வேன். குழம்புக்கு, அவர்கள் வீட்டுக் கரண்டியாலேயே தண்ணீர் மொண்டு என் அளவுக் குவளையில் ஊற்றச் சொல்வேன். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிற அம்மாவிடம் "எத்தனை கப்?" என்று கேட்கும் கேள்வித்தாளை யார் எழுதினார்களோ!

லேப்_அண்ணன்:
கொஞ்சம் பேரிடமாவது 24 மணிநேரச் சிறுநீர் சேகரிங்க தங்கச்சி. அதிலுள்ள நைட்ரஜன், சாப்பிட்ட புரதத்தைக் காட்டிக்கொடுக்கும்.

இளவேனில்:
எனக்குக் கொழுப்புதானே வேணும் அண்ணா?

லேப்_அண்ணன்:
கொழுப்புக்கு அப்படி நேரடி அளவுகோல் இல்லை. ஆனா யார் எவ்வளவு குறைச்சுச் சொல்றாங்கன்னு புரதத்தை வைச்சுப் பிடிக்கலாம். அமெரிக்காவில் 'ஓபன்' என்ற ஆய்வு (1999-2000, 484 பேர்), ஆட்கள் சொன்னதை இரட்டைக் குறியீட்டு நீரோடு (குடிக்கவைச்சு, உடம்பு எரிக்கிற கலோரியை அளக்கிற சிறப்பு நீர்) ஒப்பிட்டது. கேள்வித்தாளில் மூணில் ஒரு பங்கு கலோரி காணோம்! முந்தின நாள் சாப்பாட்டை விசாரிச்சப்போ 20 சதவீதத்துக்குள்ள நின்னுச்சு. அந்த நீர் விலை நமக்குக் கட்டாது.

உழக்கு:
அதனால் சிறுநீர் சேகரிக்கிற அந்தக் கொஞ்சம் பேரிடம் முந்தின நாள் விசாரணையைக் குறைந்தது இரண்டு தடவை வையுங்கள். ஒன்று திங்கட்கிழமை போய்க் கேளுங்கள், ஞாயிற்றுக் கறி கணக்கில் வரும்.