போர்டைப் பார்த்து எழுதத் திணறும் 4ஆம் வகுப்புப் பையன்: வகுப்பிலேயே என்ன செய்யலாம்?

கேள்வி (தொடக்கப் பள்ளி ஆசிரியை, மேலூர் பக்கம்):
வாய்க்கணக்கு டக்கென்று சொல்கிறான். கதை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறான். போர்டைப் பார்த்து எழுதச் சொன்னால் நாலு வரிக்கு 20 நிமிஷம் ஆகிறது. 'கொடி' என்பது 'கோடி' ஆகிறது. ன, ண குழப்பம் வேறு. வகுப்பில் 32 பேர். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் தினமும் வருவதில்லை. பையனுக்குக் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழும் இல்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (சிறப்பாசிரியர், வட்டார வள மையம்):
டீச்சர், முதலில் கண், காது இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பெரியாஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். அது தெரியாமல் கற்றல் குறைபாடு என்று பேசவே கூடாது.

வகுப்பில் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: போர்டிலிருந்து எழுத வைப்பதை நிறுத்துங்கள். தலையைத் தூக்கி, ஓர் எழுத்தை மனதில் பிடித்து, குனிவதற்குள் இடம் தவறிவிடுகிறது. அதே வரிகளைப் பெரிய எழுத்தில், வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு ஒரு தாளில் எழுதி, நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். படிப்பதற்குப் பழைய நோட்டு அட்டையில் 15 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். அடுத்த வரி எட்டிப் பார்த்தால் ஜன்னல் பெரிது. வேறு அட்டை வெட்டுங்கள்.

பதில் 2 (தமிழாசிரியர், திருமங்கலம்):
'கொடி', 'கோடி' ஆவது கவனக்குறைவு இல்லை. கொம்பு கண்ணுக்கு முதலில் படும், அதன் ஒலியோ எழுத்துக்குப் பிறகுதான் வரும். கொம்பைச் சிவப்பிலும் எழுத்தைக் கறுப்பிலும் எழுதுங்கள். ஒரு வாரம் கெ, கே மட்டும். அது மனதில் நின்ற பிறகு கொ, கோ. ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று புளியங்கொட்டையை அடுக்கி, விரலால் தடவிக்கொண்டே சத்தமாகச் சொல்லட்டும். ன, ண இரண்டையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். இரண்டு சுழி உறுதியான பிறகே மூன்று சுழி. தினமும் 10 நிமிஷம் போதும். தயவுசெய்து 'பிழையை 50 தரம் எழுது' மட்டும் வேண்டாம். இரண்டாவது வரியில் தப்பாக எழுதினால் மிச்சம் 48 தரமும் அந்தத் தப்புதான் கைக்குப் பழகும்.

கேள்வி கேட்டவர்:
அறிவியல் தேர்வில் விடை தெரிந்தும் மார்க் போகிறதே?

பதில் 1:
வாய்மொழியாகக் கேட்டு மார்க் போடுங்கள், எழுத்துப்பிழைக்கு அங்கே குறைக்காதீர்கள். இதற்கெல்லாம் சான்றிதழ் தேவையில்லை. பொதுத்தேர்வுக்குத்தான் அது வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் இரண்டையும் அந்தச் சட்டமே சொல்கிறது. பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடாமல் எட்டிலேயே சான்றிதழ் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். எழுதுபவரை வைத்துக்கொண்டு விடை சொல்வதற்கும் பழக்கம் வேண்டும். மாதத் தேர்விலேயே பழக்காவிட்டால் பரீட்சை ஹாலில் வாய் திறக்காது.