நடுநிலையாக்கல் முடிந்தும் பிஹெச் 7 ஆகாதது ஏன்? விளக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்கும் நான், 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தை அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தரம்பார்க்கையில், இரண்டும் சமமாக வினைபுரிந்த பின்னும் கரைசலின் பிஹெச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறத்தாழ 8.7 ஆக இருப்பதைப் புரியவைக்கத் திணறுகிறேன். வினையில் உருவாகும் உப்பிலுள்ள அசிட்டேட் அயனி நீரிலிருந்து புரோட்டானைப் பெற்று ஹைட்ராக்சைடை விடுவிப்பதால் கரைசல் காரமாகிறது என்று சமன்பாட்டோடு சொன்னால் எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் "நடுநிலை என்றால் 7 தானே" என்ற கேள்வி, நியாயமான கேள்விதான், மறுநாளே திரும்பி வருகிறது. நிறங்காட்டியாகப் பினால்ப்தலீனுக்குப் பதிலாக மெத்தில் ஆரஞ்சு இட்டுக் காட்டினேன், அது பிஹெச் 3.1 முதல் 4.4 வரையிலேயே நிறம் மாறுவதால், பாதியளவு காரம் சேரும் முன்பே மஞ்சளாகி, அவர்களின் குழப்பத்தைக் கூட்டிவிட்டது. அந்த உப்பான சோடியம் அசிட்டேட்டை மட்டும் வாலைவடிநீரில் கரைத்துக் காட்டினால் தெளிவு கிடைக்குமா? வேறு எளிய சோதனையை வகுப்பில் செய்து பார்த்தவர்கள், செறிவையும் நிறங்காட்டியையும் குறிப்பிட்டுத் தெரிவிக்க வேண்டுகிறேன்.