புதுப்பிப்பு: 1 மி.மீ. எவர்சில்வர் தகட்டில் டிக் வெல்டிங்

டிக் என்பது ஆர்கான் வாயுத் திரைக்குள், டங்ஸ்டன் கம்பி முனையில் எழும் மின்பொறியால் (ஆர்க்) உலோகத்தை உருக்கி ஒட்டுவது. இதில் தகடு ஓட்டை விழுகிறது, தையல் (ஒட்டிய கோடு) சாம்பல் நிறமாகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். அவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள்.

ஓட்டைக்குக் காரணம் நான் வைத்த 60 ஆம்பியர் மின்னோட்டம். 304 ரக எவர்சில்வர், 1 மி.மீ., முட்டுச்சேர்ப்பு (விளிம்போடு விளிம்பு முட்டவைப்பது) என்றால் 30 முதல் 35 போதும். டங்ஸ்டன் 1.6 மி.மீ., டார்ச் (அதைப் பிடிக்கும் கைப்பிடி) மெஷினின் நெகட்டிவில். முனையை நீளவாக்கில் தீட்டுங்கள். குறுக்கே தீட்டினால் ஆர்க் அலைபாயும். விளிம்புகளுக்கு நடுவே நூல் இடைவெளிகூடக் கூடாது, அங்கேதான் முதலில் உருகி விலகும். 20 மி.மீ.க்கு ஒரு டேக் (தகடு நகராமல் பிடிக்கும் சின்னப் பொட்டு வெல்டு). அடியில் செம்புப் பட்டை வைத்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும்.

சாம்பல் நிறம் வேறு கதை. செங்கோட்டைப் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று பட்டறைக்குள் நேராக வரும். ஆர்கான் திரை கலைந்துவிடுகிறது. அதற்காகக் கேஸை நிமிடத்துக்கு 15 லிட்டருக்கு ஏற்றுவது தவறு. டார்ச் நுனியில் கேஸ் வெளிவரும் சின்னக் கப்பில் வேகம் கூடினால் சுழன்று வெளிக்காற்றையே உள்ளே இழுக்கும். மேற்குக் கதவைச் சாத்தி, நிமிடத்துக்கு 7 லிட்டரில் வைத்ததும் தையல் வைக்கோல் பொன்னிறத்துக்கு வந்தது. ஆர்க் அணைந்த பிறகும் கேஸ் ஓடும் 5 வினாடி டார்ச்சை நகர்த்தாதீர்கள். டங்ஸ்டன் முனை வெள்ளியாக மின்ன வேண்டும். நீலம், கறுப்பு என்றால் கேஸ் சீக்கிரம் நின்றுவிட்டது.

308எல் ராடு (தையலில் உருக்கிச் சேர்க்கும் கம்பி) 1.2 மி.மீ. வாங்குங்கள். 2.4 உருகுவதற்குள் தகடு உருகிவிடும்.

பின்பக்கம் கருகிய சர்க்கரை போலப் பொரிந்திருந்தால் அங்கும் ஆர்கான் விட வேண்டும். பால் பாத்திரத்துக்கு இது கட்டாயம், அந்தப் பொரியில் அழுக்குத் தங்கும்.