கனடா பி.ஆர்.: பேப்பர் வழி ஃபைலை வாபஸ் வாங்கிவிட்டு ஆன்லைனில் போடலாமா?

கெடிலக்கரை (கடலூர்):
வணக்கம். கடலூர் சிப்காட்டில் மெயின்டனன்ஸ் இன்ஜினியராக இருக்கிறேன். கனடாவின் சஸ்காட்செவான் மாகாண நாமினேஷன் (மாகாண அரசின் பரிந்துரை) கிடைத்து, பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு) விண்ணப்பம் போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. புள்ளி வரிசைப்படி ஆட்களை அழைக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி இல்லாத பிரிவு. எங்கள் ஏஜென்ட் அதை 'பேப்பர் ஃபைல்' என்றுதான் சொல்வார். பயோமெட்ரிக்ஸ், மெடிக்கல் இரண்டும் சென்னையில் முடிந்தன. அதற்கப்புறம் ஒரு சத்தமும் இல்லை. லாஸ்பேட்டையில் இருந்த என் மாமா பையன் எனக்குப் பிறகு எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் போட்டு, இப்போது ரெஜைனாவில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறான். வீட்டில் தினமும் இதே பேச்சு.

ஏஜென்ட், "இதை வாபஸ் வாங்கிடலாம் சார், ஆன்லைன்ல புதுசா போட்டா ஆறே மாசம்" என்கிறார். அதற்குத் தனி ஃபீஸும் கேட்கிறார். எனக்கு வயது 34. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு முடிவு இன்னும் கொஞ்ச நாளில் காலாவதி ஆகிறது. வாபஸ் வாங்கலாமா? ஃபைல் எங்காவது மாட்டிக்கொண்டதா?

உப்பளம்:
அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். நாமினேஷன் கடிதத்தில் கடைசித் தேதி என்ன?

கெடிலக்கரை:
அது எப்போதோ முடிந்துவிட்டது. விண்ணப்பம் போட்டபோது செல்லுபடியில் இருந்தது.

வில்லியனூர்க்காரி (இப்போது சாஸ்கடூன்):
அப்படியானால் வாபஸ் பேச்சை இதோடு விடுங்கள் தம்பி. நாமினேஷனும் ஐ.இ.எல்.டி.எஸ்ஸும் விண்ணப்பம் போடும் நாளில் செல்லுபடியாக இருந்தால் போதும். பிறகு தேதி முடிந்தாலும் உங்கள் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஃபைலை நீங்களே எடுத்துவிட்டால் நாமினேஷன் செல்லாக்காசு. மாகாணத்திடம் முதலிலிருந்து போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று. உங்களுடையது 'பேஸ்' நாமினேஷன், அதாவது எக்ஸ்பிரஸ் என்ட்ரியோடு இணையாதது. எக்ஸ்பிரஸ் என்ட்ரியோடு இணைந்த நாமினேஷனுக்குத்தான் 600 புள்ளி கூடும். புதிதாகப் போட்டால் அந்த 600 இல்லாமல், சொந்தப் புள்ளியோடு பூலில் (அழைப்புக்குக் காத்திருப்போர் பட்டியலில்) நிற்பீர்கள். 30 வயதிலிருந்து வருடத்துக்கு ஐந்தாறு புள்ளி வயதுக்கே போகும். ஏஜென்ட் சொல்லும் ஆறு மாதம் அழைப்பு வந்து, முழு விண்ணப்பமும் போட்ட பிறகு ஓடும் கணக்கு. அழைப்புக்காகக் காத்துக் கிடக்கும் காலம் அதில் சேராது. அழைப்பே வராமலும் போகலாம். அதை அவர் சொன்னாரா?

பேப்பர் என்பதால்தான் தாமதம் என்பதும் சரியில்லை. முன்பு பேஸ் விண்ணப்பத்தைக் கட்டுக்கட்டாகப் பிரின்ட் எடுத்து, நோவா ஸ்கோஷியாவில் இருக்கும் சிட்னிக்குக் கூரியர் செய்வார்கள் (ஆஸ்திரேலியா சிட்னி இல்லை). 2022 செப்டம்பர் 23 முதல் அதுவும் பி.ஆர். போர்ட்டலில் ஆன்லைனாகத்தான் போகிறது. ஆக, உங்கள் ஃபைலும் ஆன்லைன் ஃபைல்தான். ஏஜென்ட் வாயில் மட்டும் இன்னும் பேப்பராக இருக்கிறது.

வரிசைதான் வேறு. ஐ.ஆர்.சி.சி. (கனடா குடியேற்றத் துறை) தனக்கு வைத்திருந்த கெடுவே எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு 6 மாதம், பேஸ் வகைக்கு 11 மாதம். அதுவும் நூற்றில் 80 விண்ணப்பங்களுக்கு. நடைமுறையில் 2025இல் பேஸ் வரிசை ஒன்றரை வருடத்தையும் தாண்டியது. காரணம், மாகாண நாமினி வகையில் எத்தனை பேரை அனுமதிப்பது என்ற இலக்கு. 2024க்கு 1,10,000 என்று வைத்திருந்தார்கள், 2025க்கு 55,000 ஆக்கினார்கள், 2026க்கு 91,500. வாசலைப் பாதியாகச் சுருக்கினால் உள்ளே நிற்கும் ஃபைல்கள் எப்படி நகரும்? உங்கள் மாமா பையனோடு ஒப்பிடாதீர்கள், அவன் நின்ற வரிசை வேறு.

ஏ.ஓ.ஆர். (விண்ணப்பம் கிடைத்ததற்கான ஒப்புகை) வந்ததா? வந்திருந்தால் ஃபைல் முழுமையாக இருக்கிறது என்று ஏற்றுக்கொண்டு உள்ளே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சிதம்பரம் 608001:
அக்கா சொன்னதுதான் சரி. ஃபைல் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம். 2022 ஜூலையிலிருந்து, கனடாவுக்கு வெளியே இருப்பவர்களும் அங்குள்ள பிரைவசி சட்டத்தின் கீழ் தங்கள் சொந்த ஃபைல் குறிப்புகளைக் கேட்கலாம். ஜி.சி.எம்.எஸ். நோட்ஸ் என்பார்கள். கட்டணம் கிடையாது. சட்டப்படி 30 நாள், சில சமயம் இழுக்கும். பி.டி.எஃப். வந்ததும் எல்லாவற்றையும் படித்துத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். எலிஜிபிலிட்டி, மெடிக்கல், கிரிமினாலிட்டி, செக்யூரிட்டி என்று நான்கு வரி இருக்கும். எதற்கு நேராக 'பாஸ்ட்' (Passed, தேறியது) இருக்கிறது, எது இன்னும் தொடங்கவில்லை என்று பாருங்கள்.

என் நோட்ஸில் அதிகாரி என் பெயரைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழக டிகிரியில் பெயரும் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரித்து இருக்கும். நம் ஊரில் யாருக்குத்தான் இல்லை இது? இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி ஐ.ஆர்.சி.சி. தளத்தின் வெப்ஃபார்ம் வழியாக ஏற்றினேன். அவர்கள் கேட்கும் வரை காத்திருக்கவில்லை.

உப்பளம்:
அந்த ஏஜென்ட் கனடாவில் பதிவு பெற்றவரா பாருங்கள் சார். காசு வாங்கிக்கொண்டு குடியேற்ற ஆலோசனை சொல்ல அங்கே உரிமம் வேண்டும். ஆலோசகர்களுக்கான காலேஜ் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். பட்டியலில் இல்லையென்றால் ஐ.எம்.எம். 5476 படிவம் நிரப்பி, பிரதிநிதி இடத்திலிருந்து அவரை எடுத்துவிடுங்கள்.

கெடிலக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஏ.ஓ.ஆர். வந்திருக்கிறது அக்கா, மெயிலில் தேடி எடுத்தேன். நோட்ஸும் கேட்டிருக்கிறேன். ஏஜென்ட் பெயர் பட்டியலில் இல்லை. இன்னும் இரண்டு சந்தேகம். மெடிக்கல் எடுத்து 12 மாதம் ஆகப்போகிறது. நானே போய் மறுபடி எடுத்துவிடலாமா? பாஸ்போர்ட்டும் முடியப்போகிறது.

வில்லியனூர்க்காரி (இப்போது சாஸ்கடூன்):
மெடிக்கலுக்கு நீங்களாகப் போகாதீர்கள், காசு வீண். பழையதையே நீட்டிப்பார்கள், இல்லையென்றால் கடிதம் அனுப்பி மறுபடி எடுக்கச் சொல்வார்கள். கடிதம் வந்த பிறகு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்துவிடுங்கள். புதுச்சேரி சேவா கேந்திரத்திலேயே கொடுக்கலாம். புதியது வந்ததும் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் செய்து, விண்ணப்ப எண்ணோடு வெப்ஃபார்மில் அனுப்புங்கள். சர்நேம் கட்டம் உங்களுக்குக் காலியா?

கெடிலக்கரை:
ஆமாம் அக்கா, காலிதான். கனடா படிவத்தில் முழுப் பெயரையும் ஃபேமிலி நேம் கட்டத்தில் போட்டிருக்கிறோம்.

வில்லியனூர்க்காரி (இப்போது சாஸ்கடூன்):
அப்படிப் போடுவதுதான் அவர்கள் விதி. புதுப்பிக்கும்போது கவுன்டரில் யாராவது "அப்பா பெயரை சர்நேமாகப் போட்டுடலாமே" என்று யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பி.ஆர். கைக்கு வரும் வரை பழையபடியே இருக்கட்டும். நோட்ஸ் வந்ததும் அந்த நான்கு வரியை மட்டும் இங்கே போடுங்கள், பார்க்கலாம். ஃபைல் எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.