ஓய்வுபெற்றவர்களுக்கு மின்னஞ்சல் வகுப்பு: உலாவியில் ஜிமெயிலா, தண்டர்பேர்டா?

#1 கரும்பலகை

வணக்கம். ஊர் நூலகத்தில் ஓய்வுபெற்றவர்களுக்கு மின்னஞ்சல் சொல்லித்தர 6 வகுப்பு, தலா ஒன்றரை மணி நேரம். 8 கணினி, விண்டோஸ் 11. வருபவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் சொந்தக் கணினி உண்டு. போன் எல்லோரிடமும் இருக்கிறது. ஜிமெயில் கணக்கும் இருக்கிறது, ஆனால் அது போன் வாங்கிய கடையில் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டு பலருக்குத் தெரியாது. உலாவியில் ஜிமெயிலைத் திறந்து சொல்லித்தருவதா, மடல் படிக்கும் மென்பொருளான தண்டர்பேர்டைக் கணினியில் நிறுவி அதில் தொடங்குவதா? இரண்டையும் காட்டினால் குழம்பிப்போவார்கள் என்கிறார் உடன் நடத்துபவர்.

#2 மேகமூட்டம்

இதில் யோசிக்க என்ன சார் இருக்கு? உலாவிதான்.

முதல் வகுப்பு முழுக்கப் பாஸ்வேர்டுக்கே போய்விடும், அதற்குத் தயாராக இருங்கள். கணினியில் 'மறந்துவிட்டது' என்று கொடுத்தால், ஏற்கெனவே கணக்கு திறந்திருக்கும் அந்தப் போனுக்கே பெரும்பாலும் உறுதிசெய்யும் கேள்வி வரும். உள்ளே போனதும் முதல் வேலை மீட்பு எண்ணைப் பார்ப்பது. கடைக்காரர் தன் நம்பரையே போட்டு வைத்திருக்கலாம், இல்லையென்றால் எப்போதோ தூக்கிப்போட்ட சிம் நம்பர் இருக்கும். அதை மாற்றுங்கள். பிறகு இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி, 8 இலக்க பேக்கப் கோடு 10-ஐயும் தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வைக்கச் சொல்லுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் சாவி.

செட்டிங்ஸில் 'அனுப்பியதை ரத்துசெய்' 5 விநாடியில் இருக்கும், அதை 30 ஆக்குங்கள். புதியவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் ஜிமெயிலில் கிடையாது. போனிலும் அதே பெட்டி, அதே லேபிள். தண்டர்பேர்டை நடுவில் கொண்டுவந்தால் வகுப்பு செட்டிங்ஸ் வகுப்பாகிவிடும்.

#3 வன்தட்டு

பாஸ்வேர்டு, மீட்பு எண் வரைக்கும் மேகமூட்டம் சொன்னது அத்தனையும் சரி. அதற்கு அப்புறம் ஒத்துப்போக முடியவில்லை.

உலாவியில் மட்டும் கற்றவரிடம் 'உங்கள் மடல்கள் எங்கே இருக்கின்றன?' என்று கேட்டுப் பாருங்கள். 'கூகுள்ல' என்பார். கணக்கு வேறு, மடலைப் படிக்கும் மென்பொருள் வேறு என்பது அவருக்குப் பிடிபடாது. அது பிடிபடாததால்தான் கணினி பழுதானால் 'மெயில் எல்லாம் போச்சு' என்று பதறுகிறார்கள். போனில் செயலியை நீக்கினாலும் அதே கதை.

இடம் இன்னொரு சிக்கல். இலவச 15 ஜிபி மடலுக்கு மட்டும் உரியதன்று. டிரைவும் போட்டோஸும் அதற்குள்தான். பேரன் படங்களைப் போன் தானாக மேலேற்றிக்கொண்டே இருக்கும், பெட்டி நிரம்பும், ஒருநாள் மடல் வருவது நின்றுவிடும். ஓய்வூதியம் சம்பந்தமான மடல் திரும்பிப் போனது அனுப்பியவருக்குத்தான் தெரியும், இவருக்குத் தெரியாது. 2 ஆண்டு பயன்படுத்தாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்பது 2023 முதல் நடப்பில் உள்ள விதி. வீட்டுக் கணினியில் தண்டர்பேர்டு இருந்தால் மடலின் ஒரு படி உங்கள் வட்டில் இருக்கும்.

செட்டிங்ஸ் பயமும் பழைய பயம். பெயர், முகவரி கொடுத்தால் ஜிமெயிலுக்கான வழங்கி (சர்வர்) விவரத்தைத் தண்டர்பேர்டே கண்டுபிடிக்கும். கூகுளின் உள்நுழைவுச் சன்னல் திறக்கும், அனுமதி கொடுத்தால் முடிந்தது. இப்போது தனிநபர் ஜிமெயிலில் ஐமேப் (மடலை வழங்கியிலேயே வைத்து, எல்லாக் கருவியிலும் ஒரே மாதிரி காட்டும் முறை) எப்போதும் இயங்கிய நிலையிலேயே இருக்கிறது, அதைத் தேடிப்போய் இயக்க வேண்டியதில்லை.

#4 மேகமூட்டம்

//ஒரு படி உங்கள் வட்டில் இருக்கும்//

அண்ணே, அந்த வட்டைப் பற்றியே பேசுவோம். கரும்பலகை சார் சொன்னது நூலகக் கணினி. 8 மெஷினை வாரம் முழுக்க யார் யாரோ தொடுவார்கள். தண்டர்பேர்டில் முதன்மைக் கடவுச்சொல் வைக்காவிட்டால், செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் 'சேமித்த கடவுச்சொற்கள்' என்று தட்டினாலே எல்லாம் வெளியே வரும். வைத்தாலும் அது பாஸ்வேர்டைத்தான் பூட்டும், மடலைப் பூட்டாது. மடல்களைச் சேர்த்து வைக்கும் எம்பாக்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்தால் வெறும் எழுத்தாகப் படிக்கலாம். உலாவியில் மறைநிலைச் சன்னலைத் திறந்து, பார்த்துவிட்டு மூடினால் தீர்ந்தது.

இரண்டாவது, இன்பாக்ஸ் முழுவதும் ஒரே கோப்பு. 10 வருட மடல் அதில் இருக்கும்போது ஏதோ ஒரு மடலில் வைரஸ் இணைப்பு இருக்கிறது என்று ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பையே தூக்கிச் சிறையில் போட்டால்? மொத்த இன்பாக்ஸும் காலி.

மூன்றாவது பாப், அதாவது மடலை வழங்கியிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை. நாள் பழகிய ஒருவர் 'பாப் போடுங்க, எல்லாம் இறங்கிடும்' என்பார். தண்டர்பேர்டில் பாப் கணக்குக்கு இயல்பிருப்பே 'சர்வரில் அதிகபட்சம் 14 நாள் வை' என்பது. 15-ஆம் நாள் போனில் பார்த்தால் மடல் இருக்காது.

#5 வன்தட்டு

நூலகக் கணினி விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். பொதுக் கணினியில் தண்டர்பேர்டு கூடாது. நான் சொல்வது வீட்டுக் கணினிக்கு.

14 நாள் விஷயத்தில் பாதிதான் சரி. ஜிமெயிலில் பாப் வழியாக எடுத்த மடலை என்ன செய்வது என்பதை ஜிமெயிலின் செட்டிங்ஸ்தான் தீர்மானிக்கும். அங்கே 'பெட்டியில் வைத்திரு' என்று இருந்தால் தண்டர்பேர்டு அழிக்கச் சொன்னாலும் அழியாது. உங்கள் எச்சரிக்கை சொந்த டொமைனில் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) முகவரி வைத்திருப்பவர்களுக்குச் சரியாகப் பொருந்தும். சாதாரண ஹோஸ்டிங் வழங்கி சொன்னபடி கேட்கும், 14 நாளில் துடைத்துவிடும். எப்படியானாலும் போனும் கணினியும் இரண்டும் இருப்பவருக்கு ஐமேப்தான், பாப் வேண்டாம்.

சிறைப்பட்ட இன்பாக்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஐமேப் கணக்கில் அந்தக் கோப்பு வழங்கியில் உள்ளதன் நகல்தான். போனால் மறுபடி இறங்கிக்கொள்ளும். பாப் கணக்கிலும் 'கணினியிலுள்ள ஃபோல்டர்கள்' பகுதியிலும்தான் அது உண்மையான இழப்பு. அதனால் மடல்களும் அமைப்புகளும் இருக்கும் தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேர்ப்பது வழக்கம். இணைப்பைத் திறக்கும்போது அது எப்படியும் சோதிக்கப்படும்.

#6 மேகமூட்டம்

ஐமேப் என்றால் நகல். நகல் என்றால் பேக்கப் கிடையாது. போனில் விரல் தவறி அழித்தால் வட்டிலும் அழியும். அப்புறம் 'ஒரு படி வட்டில் இருக்கும்' என்று சொன்னதற்கு என்ன அர்த்தம்?

#7 வன்தட்டு

நியாயமான கேள்வி. முதலிலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

தண்டர்பேர்டின் இடப்பக்கப் பட்டியலில் கடைசியில் 'கணினியிலுள்ள ஃபோல்டர்கள்' என்று ஒன்று இருக்கும். அதில் வருடவாரியாக ஃபோல்டர் போட்டு, முக்கியமான மடல்களை அதற்குள் நகலெடுக்க வேண்டும். இழுத்துப் போட்டால் இடம்பெயர்ந்துவிடும். நடுவில் இணைய இணைப்பு அறுந்தால் எது வந்தது, எது நின்றது என்று தெரியாது. வலச்சொடுக்கில் 'நகலெடு' என்று கொடுங்கள், இரண்டு பக்கமும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள், அப்புறம் வேண்டுமானால் வழங்கியில் அழியுங்கள். நகல் வட்டுக்கு வந்துவிட்டால் போனில் என்ன செய்தாலும் அதைத் தொடாது. மாதம் ஒருமுறை தண்டர்பேர்டை மூடிவிட்டுப் புரொஃபைல் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்தால் போதும். திறந்திருக்கும்போது எடுத்த நகலை நம்ப முடியாது.

ஜிமெயிலை ஐமேப்பில் வைக்கும் எல்லோரும் ஒரு வேலை செய்ய வேண்டும். 'அனைத்து அஞ்சலும்' என்ற ஃபோல்டரும் இறங்குவதால் ஒவ்வொரு மடலும் இரண்டு தடவை வட்டில் இடம் பிடிக்கும், தேடினால் இரண்டிரண்டாக வரும். உலாவியில் ஜிமெயில் செட்டிங்ஸ், லேபிள்கள் பகுதியில் அதற்கு நேரே 'ஐமேப்பில் காட்டு' என்பதில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. ஒரு ஜிமெயில் கணக்கு ஒரே நேரத்தில் 15 ஐமேப் இணைப்புகளைத்தான் ஏற்கும். தண்டர்பேர்டு இயல்பாக 5 வரை பிடித்துக்கொள்ளும். நான்கு கணினியில் திறந்து வைத்துவிட்டு 'இணைப்புகள் மிகுதி' என்று பிழை வருகிறதே என்று கேட்பவர்கள் அந்த 5-ஐ 2 ஆக்கினால் சரியாகும்.

#8 நெய்தல்

அவுட்லுக்கை யாரும் பேசவில்லையே? விண்டோஸோடு வந்த பழைய மெயில் செயலி 2024 டிசம்பர் 31-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-இல் புது அவுட்லுக் தானாகவே இருக்கிறது, நிறுவ வேண்டியதும் இல்லை.

#9 வன்தட்டு

இருக்கிறது, இலவசம்தான். ஆனால் புது அவுட்லுக்கில் ஜிமெயில் கணக்கைச் சேர்த்தால் மடல்கள் மைக்ரோசாஃப்ட் மேகத்துக்கும் ஒத்திசைக்கப்படும். சேர்க்கும்போது அனுமதி கேட்கும் பெட்டியில் அது எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. இரண்டு நிறுவனத்திடம் ஒரே பெட்டியைக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அலுவலகத்தில் ஏற்கெனவே பழைய அவுட்லுக் பழகியவர்கள் அதிலேயே தொடரட்டும், அது வேறு மென்பொருள்.

#10 மேகமூட்டம்

இதில் வன்தட்டோடு நானும் சேர்கிறேன், கல்வெட்டில் பொறித்துக்கொள்ளுங்கள்.

நெட் இல்லாதபோது என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். குரோமில் ஜிமெயில் செட்டிங்ஸில் 'ஆஃப்லைன்' என்று இருக்கிறது: 7, 30, 90 நாள் மடலை வைத்துக்கொள்ளலாம். எழுதி அனுப்பினால் நெட் வந்ததும் போகும். மொத்தமாக ஒரு படி வேண்டும் என்றால் வருடத்துக்கு ஒருமுறை கூகுளின் டேக்அவுட் சேவையில் ஏற்றுமதி செய்யுங்கள், எம்பாக்ஸ் கோப்பாகவே கொடுக்கும். தினம் தண்டர்பேர்டைக் கட்டி மாரடிக்கத் தேவையில்லை.

#11 வன்தட்டு

அந்த எம்பாக்ஸைத் திறந்து படிக்க எதை நிறுவுவீர்கள் தம்பி?

#12 மேகமூட்டம்

:) தண்டர்பேர்டைத்தான். சரி, அந்த ஒரு நாளைக்கு மட்டும்.

#13 பழஞ்சுவடி

கரும்பலகை ஐயா, வருபவர்களில் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மடலாடற்குழுக்களில் (மின்னஞ்சல் வழி உரையாடும் குழுக்கள்) இருந்தவர்கள் யாராவது உண்டா? இருந்தால் அவர்களிடம் தகுதரத்தில் (யூனிகோடு பரவுவதற்கு முந்தைய ஒரு தமிழ்க் குறியாக்கம்) எழுதிய பழைய மடல்கள் இருக்கும். ஜிமெயிலிலும் சரி, தண்டர்பேர்டிலும் சரி, அவை மேலைநாட்டு எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பையாகத்தான் தெரியும். தண்டர்பேர்டில் 'எழுத்துக் குறியாக்கத்தைச் சரிசெய்' என்று ஒரு கட்டளை உண்டு. அது தகுதரத்துக்கு உதவாது, ஏனென்றால் தண்டர்பேர்டும் பின்பற்றும் உலாவிகளின் குறியாக்கப் பட்டியலில் அதுவே இல்லை.

குப்பையாகத் தெரிவதை நகலெடுத்து குறியாக்கம் மாற்றும் மென்பொருளான என்எச்எம் மாற்றியில் ஒட்டி, மூலம் தகுதரம் என்று தேர்ந்தால் பெரும்பாலும் யூனிகோடாக வந்துவிடும். மடலில் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் திரையிலிருந்து நகலெடுக்காதீர்கள், அந்த இடத்தில் மூல எழுத்து ஏற்கெனவே தொலைந்துவிட்டது. மடலை அப்படியே கோப்பாகச் சேமித்து, அந்தக் கோப்பை மாற்ற வேண்டும். ஜிமெயிலில் மூன்று புள்ளியைத் தட்டினால் 'மூலத்தைக் காட்டு' என்ற பக்கத்தில் பதிவிறக்கும் வசதி உண்டு.

#14 மேகமூட்டம்

அதே 'மூலத்தைக் காட்டு' பக்கத்தை மோசடி மடல் பாடத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள் சார். மேலேயே மடல் அந்த டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் சோதனைகள் மூன்றிலும் தேறியதா இல்லையா என்று போட்டிருக்கும். வங்கி பெயரில் வந்து டிமார்க் தேறாத மடலை நம்பவே வேண்டாம். தேறியது என்பதால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. திருடன் சொந்த டொமைன் வாங்கி மூன்றிலும் தேறலாம், அதனால் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.

#15 கரும்பலகை

எல்லோருக்கும் நன்றி. நூலகத்தில் உலாவி, முதல் 4 வகுப்பு. கடைசி 2-இல் வீட்டுக் கணினி வைத்திருப்பவர்கள் மடிக்கணினி கொண்டுவந்தால் தண்டர்பேர்டு. மடலோடு அனுப்பும் கோப்பு இணைப்பின் அளவு பற்றி ஒரு சந்தேகம்: 25 எம்பி என்று சொல்லிக்கொடுத்தால் போதுமா?

#16 வன்தட்டு

ஜிமெயிலிலிருந்து ஜிமெயிலுக்குப் போதும். வெளியே போகும்போது 10 எம்பிக்குள் என்று சொல்லுங்கள். இணைப்பு வெறும் எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கும்: 3 பைட் 4 எழுத்தாகும். 25 எம்பி வழியில் ஏறக்குறைய 34 எம்பி. எதிர்முனை வழங்கி அவ்வளவு ஏற்காவிட்டால் திரும்பி வரும். 25-ஐத் தாண்டினால் ஜிமெயில் தானாக டிரைவ் சுட்டியாக்கிவிடும். அப்போது 'சுட்டி உள்ள எவரும் பார்க்கலாம்' என்று கொடுக்காவிட்டால் பெறுபவர் அனுமதி கேட்டு மடல் போடுவார், இவர் அதைப் பார்க்கவே மாட்டார்.

மடிக்கணினிக்காரர்களில் சொந்த டொமைன் முகவரி உள்ளவர் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்: வருவதற்கு ஐமேப், போர்ட் எண் 993. அனுப்புவதற்குப் போர்ட் 465 என்றால் பாதுகாப்பு முறை எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடியை மாற்றிப் போட்டால் பிழைகூடச் சொல்லாமல் நெடுநேரம் சுற்றிக்கொண்டே நிற்கும். போர்ட் 25 வேண்டாம், வீட்டு இணைய இணைப்பில் அதைப் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும்.

#17 கரும்பலகை

குறித்துக்கொண்டேன். கூகுள் உள்நுழைவுச் சன்னலில் 'குக்கீயை இயக்கு' என்று வந்தால் குரோமில் மாற்ற வேண்டுமா?

#18 மேகமூட்டம்

குரோமில் இல்லை சார், தண்டர்பேர்டுக்கு உள்ளேயே: செட்டிங்ஸ், தனியுரிமை, 'தளங்களிலிருந்து குக்கீ ஏற்றுக்கொள்'. வன்தட்டு அண்ணன் வருவதற்குள் நானே சொல்லிவிட்டேன்.