பழைய கிரேடில் 7.0.2, புதிய ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ: "மேஜர் வெர்ஷன் 65" பிழை, உதவி தேவை

கரிசல்காடு:

வணக்கம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் சேமிப்பும் கடனும் எழுதிவைக்கும் சிறிய ஆண்ட்ராய்டு செயலி ஒன்று இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. முதலில் எழுதியவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். 2021-க்குப் பிறகு அதன் பில்ட் கோப்புகளை (நிரலைச் செயலியாகக் கட்டுவதற்கான அமைப்புக் கோப்புகள்) யாரும் தொட்டதாகத் தெரியவில்லை. வட்டிக் கணக்கில் ஒரு திருத்தம் செய்து பிளே ஸ்டோரில் ஏற்ற வேண்டும். 2025 ஆகஸ்ட் 31 முதல் ஏற்றப்படும் புதுப்பிப்புகள் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐ இலக்காகக் கொள்ள வேண்டும் என்பது விதி. இந்தச் செயலியோ 31-இல் நிற்கிறது.

புதிய மடிக்கணினியில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை நிறுவித் திட்டத்தைத் திறந்தேன். ஒரு வரியைக்கூட மாற்றுவதற்கு முன்பே வந்த பிழை இது:

"எக்செப்ஷன் இன் ஃபேஸ் செமான்டிக் அனாலிசிஸ்... அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 65"

செயலியைக் கட்டும் கருவி கிரேடில் 7.0.2, அதில் ஆண்ட்ராய்டு வேலையைச் செய்யும் ஆண்ட்ராய்டு கிரேடில் ப்ளகின் 7.0.4, நிரல் மொழி கோட்லின் 1.5.31, தரவுத்தளத்துக்கு ரூம் 2.3.0 (கேப்ட் வழியாக, அதாவது கோட்லின் நிரலின் குறிப்புகளைப் படித்து ரூமுக்கான நிரலை உருவாக்கும் கருவி). ஸ்டுடியோவுடன் வந்த ஜாவா 21. செயலியில் ஒரு முதன்மை மாட்யூலும் ஒரு லைப்ரரி மாட்யூலும் இருக்கின்றன.

தேடிய இடங்களில் எல்லாம் "கேஷை அழியுங்கள்" (கருவி இறக்கிச் சேமித்துவைத்த கோப்புகளை) என்றே எழுதியிருக்கிறார்கள். அழித்தேன். எல்லா லைப்ரரிகளும் மறுபடி இறங்கின, பிழை மாறவில்லை. எதை முதலில் உயர்த்துவது? எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் புதிய பதிப்புக்கு மாற்றிவிடலாமா?

தறிச்சத்தம்:

கேஷுக்கும் இந்தப் பிழைக்கும் தொடர்பே இல்லை. பதிப்புப் பொருத்தம் கெட்டிருக்கும்போது கேஷை அழித்தால் இணையத் தரவுதான் செலவாகும். இந்த ஆலோசனையை எல்லா இடத்திலும் ஒட்டிவைப்பவர்கள் மீது எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

65 என்பது கிளாஸ் கோப்பின், அதாவது கம்பைல் ஆன ஜாவா நிரல் இருக்கும் கோப்பின், வடிவ எண். அதிலிருந்து 44-ஐக் கழித்தால் ஜாவாவின் பதிப்பு கிடைக்கும். 52 என்றால் ஜாவா 8, 55 என்றால் 11, 61 என்றால் 17, 65 என்றால் 21. உங்கள் நிரலில் ஜாவா 21 எங்கும் இல்லை என்று நீங்கள் சொல்லலாம், அது சரிதான். கிரேடில் உங்கள் பில்ட் கோப்பைக் குரூவி மொழி நிரலாக எடுத்துக்கொண்டு கம்பைல் செய்கிறது. அப்படிச் செய்யும்போது, தான் எந்த ஜாவாவின் மேல் ஓடுகிறதோ அதன் சொந்த கிளாஸ் கோப்புகளைத் திறந்து படிக்கிறது. 7.0.2-க்குள் இருக்கும் குரூவிக்கு 65 என்ற எண் தெரியாது. அதனால்தான் செயலியின் ஒரு வரியும் கம்பைல் ஆவதற்கு முன்பே பில்ட் நின்றுபோகிறது.

இங்கே மூன்று ஜாவாக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் இவற்றை ஒன்றாக நினைப்பதால்தான் வருகிறது. கிரேடிலை ஓட்டும் ஜாவா ஒன்று. உங்கள் நிரலைக் கம்பைல் செய்யும் ஜாவா இன்னொன்று, கம்பைலுக்கு இந்த ஜாவா என்று (இதற்குப் பெயர் டூல்செயின்) தனியாகக் குறிப்பிடாவிட்டால் முதலாவதே இந்த வேலையையும் செய்யும். வெளிவரும் பைட்கோடு (கம்பைல் ஆன நிரல்) எந்த ஜாவாவுக்கானது என்பது மூன்றாவது, இதுபோன்ற பழைய திட்டங்களின் பில்ட் கோப்பில் 1.8 (ஜாவா 8) என்று இருப்பது அதுதான். உங்கள் பிழை முதலாவதைப் பற்றியது மட்டுமே. மூன்றாவதைத் திருத்திப் பார்த்து நாள்களை வீணாக்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிரேடில் 7.0 ஜாவா 16 வரைதான் ஓடும். ஜாவா 17-க்கு 7.3 வேண்டும், 21-க்கு 8.5 வேண்டும். ப்ளகின் 7.0-க்கோ குறைந்தது ஜாவா 11 வேண்டும். ஆகவே உங்கள் திட்டம் இப்போது இருக்கும் நிலையில் அதற்குப் பொருந்துவது ஜாவா 11. அதை நிறுவி, ஸ்டுடியோ அமைப்புகளில் கிரேடில் பகுதிக்குப் போய், "கிரேடில் ஜேடிகே" என்ற இடத்தில் தேர்ந்தெடுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். பழைய நிலையில் பில்ட் ஓடி முடிவதைக் கண்ணால் பார்த்த பிறகே உயர்த்தத் தொடங்க வேண்டும்.

உப்பங்கழி:

இவ்வளவு சுற்றுவது எதற்கு? ஸ்டுடியோவிலேயே ப்ளகினை உயர்த்தித் தரும் உதவியாளர் இருக்கிறது. அதை இயக்கி நேராக 8-ஆம் வரிசைக்குப் போய்விடலாமே. நான் அப்படித்தான் செய்தேன், பிரச்சினை எதுவும் வரவில்லை.

தறிச்சத்தம்:

உங்கள் திட்டத்தில் கேப்ட் இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது 2023-இல் உருவான திட்டமாக இருந்திருக்கலாம். உதவியாளரை நானும் பயன்படுத்துகிறேன், ப்ளகின் தொடர்பான மாற்றங்களை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் அதுவும் முதலில் திட்டம் ஒழுங்காகத் திறந்தால்தான் வேலை செய்யும். கோட்லின், ரூம் போன்றவற்றின் பதிப்பை நம்மிடமே விட்டுவிடும். எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தினால் வரும் முதல் பிழை எதனால் வந்தது என்றே சொல்ல முடியாது. குழுக்களின் பணக் கணக்கு இருக்கும் செயலி இது. ஒவ்வொரு படியிலும் பழைய தரவு சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவதுதான் முறை.

கரிசல்காடு:

ஜாவா 11-ஐத் தேர்ந்தெடுத்ததும் ஸ்டுடியோவில் பில்ட் முடிந்துவிட்டது! மிக்க நன்றி. ஆனால் டெர்மினலில் கிரேடில் ராப்பரை (திட்டத்தோடு வரும், கிரேடிலை இயக்கும் சிறு நிரல்) ஓட்டினால் அதே 65 பிழை வருகிறது. ஸ்டுடியோவில் சரியானது டெர்மினலில் ஏன் சரியாகவில்லை?

மாடப்புறா:

ஸ்டுடியோவில் நீங்கள் மாற்றியது ஸ்டுடியோவுக்கு மட்டும்தான். டெர்மினலில் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறி எதைக் காட்டுகிறதோ அந்த ஜாவாவையே ராப்பர் எடுத்துக்கொள்ளும். அந்த மாறியை 11-க்கு மாற்றி, ராப்பரிடம் பதிப்பு விவரம் கேளுங்கள். கிரேடில், கோட்லின், குரூவி, ஜாவா எல்லாவற்றின் எண்களையும் அது வரிசையாகக் காட்டும். உதவி கேட்கும் எவரும் முதலில் ஒட்ட வேண்டியது அந்த வெளியீட்டைத்தான்.

பின்னணியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கிரேடில் டீமன்களை நிறுத்திவிடுங்கள். ஸ்டுடியோ ஒரு ஜாவாவிலும் டெர்மினல் இன்னொன்றிலும் இருந்தால் இரண்டு டீமன்கள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு கிரேடில் 8.8-ஐத் தாண்டியதும், டீமனுக்கு எந்த ஜாவா வேண்டும் என்பதைத் திட்டத்துக்குள்ளேயே ஒரு கோப்பில் எழுதிவைக்கும் வசதியைப் பாருங்கள். கிரேடிலின் பதிப்பை ராப்பர் பூட்டிவைப்பதுபோல ஜாவாவையும் திட்டத்தோடு சேர்த்துப் பூட்டிவிட்டால், அடுத்து இந்தச் செயலியை ஏற்பவர் உங்களைப்போல் தவிக்க மாட்டார்.

கரிசல்காடு:

இரண்டு இடத்திலும் ஓடுகிறது. பழைய நிலையை அப்படியே கிட்டில் (நிரலின் ஒவ்வொரு நிலையையும் சேமிக்கும் கருவி) கமிட் செய்துவிட்டேன். அடுத்த படி எது?

தறிச்சத்தம்:

ஏபிஐ 35-க்குக் குறைந்தது ப்ளகின் 8.6 வேண்டும். அங்கே போவதற்கு முன் ஒரு இடைநிலையம் வைத்துக்கொள்ளுங்கள்: ப்ளகின் 7.4.2, கிரேடில் 7.6, ஜாவா 17. ப்ளகின் 7.4-க்கு கிரேடில் 7.5 போதும், இருந்தாலும் 7.6 நல்லது. இங்கே நின்றால், 8-ஆம் வரிசை கேட்கும் ஜாவா 17-க்கு ஏற்கெனவே வந்துவிட்டிருப்பீர்கள். 8-இன் கண்டிப்புகள் மட்டும் இன்னும் உங்கள் மேல் விழாது.

ராப்பரின் கட்டளையைக் கொண்டு கிரேடிலை உயர்த்தப் பார்த்தால், திட்டம் திறக்காத நிலையில் அந்தக் கட்டளையும் ஓடாது. ராப்பர் கோப்புறையில் உள்ள பிராப்பர்ட்டீஸ் கோப்பைத் திறந்து, பதிவிறக்க முகவரியில் இருக்கும் எண்ணைக் கையாலேயே மாற்றுங்கள்.

கோட்லினை 1.9.24-க்கு உயர்த்துங்கள். கோட்லின் 2-ஐ இப்போதைக்குத் தொட வேண்டாம், அதைத் தனி வேலையாகப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பில்ட் கோப்பில் ஜேசென்டர் (லைப்ரரிகளை இறக்கும் பழைய களஞ்சியம்) இருந்தால் நீக்கிவிடுங்கள். 2021 பிப்ரவரியிலேயே அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள், மேவன் சென்ட்ரலும் கூகுளின் களஞ்சியமும் போதும்.

கரிசல்காடு:

ஜேசென்டரை எடுத்ததில் சிக்கல் எதுவும் வரவில்லை. கோட்லினை மாற்றியதும் கேப்ட் நின்றுவிட்டது. மெட்டாடேட்டாவின் பதிப்பு 1.9.0, ஆதரிக்கும் உச்சம் அதைவிடக் குறைவு என்கிறது. என் நிரலில் எந்தக் கோப்பு என்று சொல்லவே இல்லை.

மாடப்புறா:

அது உங்கள் நிரலைப் பற்றிய குறை இல்லை. கோட்லின் ஒவ்வொரு கிளாஸுக்குள்ளும் மெட்டாடேட்டா என்ற குறிப்பை எழுதிவைக்கும். ரூமின் கம்பைலர் அதைப் படிக்கும். 2021-இல் வந்த ரூம் 2.3.0-க்குள் இருக்கும் வாசிப்பான் 1.9 எழுதிய குறிப்பைப் படிக்க மறுக்கிறது. ரூமை 2.6.1-க்கு மாற்றுங்கள். ரூமின் ரன்டைம், கேடிஎக்ஸ் (கோட்லினுக்கான துணைப்பகுதி), கம்பைலர் மூன்றும் ஒரே எண்ணில் இருக்கட்டும். ஒன்றை மட்டும் விட்டுவிட்டால் பிழை வேறு வடிவத்தில் திரும்பி வரும்.

இதையே பொதுவாகவும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். பதிப்புப் பிழையில் இரண்டு எண்கள் வந்தால், எழுதியவர் யார், படிக்க முடியாமல் நிற்பவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் உயர்த்த வேண்டியது படிப்பவரைத்தான். உங்கள் முதல் பிழையில் எழுதியது ஜாவா 21, படிக்கத் திணறியது கிரேடில். இப்போது எழுதியது கோட்லின், திணறுவது ரூம்.

கரிசல்காடு:

அந்த இரண்டு கேள்விகள் எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டன. ரூம் 2.6.1-இல் எல்லாம் கம்பைல் ஆகிறது. பழைய தரவுத்தளக் கோப்பு ஒன்றைத் தொலைபேசியில் வைத்துத் திறந்து பார்த்தேன், எல்லா உறுப்பினர்களின் கணக்கும் சரியாக இருக்கிறது.

அடுத்து ப்ளகின் 8.6.1, கிரேடில் 8.7 வைத்தேன். ஸ்டுடியோவின் ஜாவா 21-ஐயே பயன்படுத்துகிறேன். மூன்று பிழைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: லைப்ரரி மாட்யூலில் நேம்ஸ்பேஸ் இல்லை என்கிறது, பில்ட்கான்ஃபிக் கிளாஸைக் காணவில்லை என்கிறது, ஜேவிஎம் டார்கெட் பொருந்தவில்லை, ஜாவாவுக்கு 1.8, கோட்லினுக்கு 21 என்கிறது.

தறிச்சத்தம்:

மூன்றும் எதிர்பார்த்தவையே. ப்ளகின் 8.0 முதல், மேனிஃபெஸ்டில் இருந்த பேக்கேஜ் பெயரை நேம்ஸ்பேஸ் என்று மாட்யூலின் பில்ட் கோப்பில் எழுத வேண்டும். பில்ட்கான்ஃபிக் அதே பதிப்பிலிருந்து தானாக உருவாகாது, வேண்டும் என்றால் பில்ட் ஃபீச்சர்ஸ் பகுதியில் கேட்க வேண்டும்.

மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது. முதன்மை மாட்யூலில் கோட்லினுக்கும் 1.8 என்று எழுதியிருப்பார்கள், லைப்ரரி மாட்யூலில் விட்டிருப்பார்கள். எழுதாவிட்டால் கோட்லின் தான் ஓடும் ஜாவாவின் எண்ணையே எடுத்துக்கொள்ளும். முன்பு எச்சரிக்கையோடு விட்டது, கிரேடில் 8-இல் பில்டையே நிறுத்திவிடும். இரண்டு மாட்யூல்களிலும் ஜாவா, கோட்லின் இரண்டுக்கும் 17 என்று எழுதுங்கள். 1.8 என்றே வைத்தாலும் ஓடும், ஆனால் ஜாவா 21-இன் கம்பைலர் 8 காலாவதியானது என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கும்.

உப்பங்கழி:

ஒன்றைச் சேர்க்கிறேன், இதில் என் நண்பர் ஒருவர் நன்றாக அடிபட்டார். ப்ளகின் 8.0 முதல் ஆர்8-இன் (செயலியின் நிரலைச் சுருக்கும் கருவி) முழுநிலைச் சுருக்கம் இயல்பாகவே இயங்கும். நாம் சோதிக்கப் பயன்படுத்தும் டீபக் பில்டில் ஒன்றும் தெரியாது. ரிலீஸ் பில்டை ஒரு தொலைபேசியில் நிறுவி, ஒவ்வொரு திரையையும் திறந்து பார்க்காமல் ஸ்டோரில் ஏற்றாதீர்கள்.

கரிசல்காடு:

நல்லவேளை சொன்னீர்கள். ரிலீஸ் பில்டில் காப்புக் கோப்பிலிருந்து கணக்கை மீட்கும் இடத்தில் செயலி நின்றுபோகிறது. அந்தக் கோப்பைப் படிக்கும் ஜிசான் லைப்ரரியிலிருந்து "மிஸ்ஸிங் டைப் பாராமீட்டர்" என்று வருகிறது. டீபக்கில் அதே கோப்பு நன்றாகத் திறக்கிறது.

மாடப்புறா:

பட்டியலுக்குள் எந்த வகைப் பொருள் இருக்கிறது என்பதை ஜிசான் ஓடும்போது பார்த்துத் தெரிந்துகொள்கிறது. அந்த வகையை ஜிசானுக்குச் சொல்ல எழுதும் டைப்டோக்கனின் கிளாஸ் கோப்பில் அந்தத் தகவல் இருக்கும். முழுநிலைச் சுருக்கத்தில் வெளிப்படையாகக் காக்கச் சொன்ன கிளாஸ்களுக்கு மட்டுமே அது மிஞ்சும். ஜிசான் 2.11.0 முதல் எதை அப்படியே விட்டுவைக்க வேண்டும் என்று ஆர்8-க்குச் சொல்லும் விதிகள் லைப்ரரியின் ஜார் கோப்புக்குள்ளேயே வருகின்றன, அதற்கு மாறிவிடுங்கள்.

அத்துடன், காப்புக் கோப்பில் எழுதப்படும் ஒவ்வொரு புலத்துக்கும் சீரியலைஸ்டுநேம் குறிப்பு (கோப்பில் எழுதும் பெயரை நிலையாகக் குறிப்பது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஆர்8 புலத்தின் பெயரைச் சுருக்கிவிடும், ஒரு பதிப்பு எழுதிய காப்பை அடுத்த பதிப்பு படிக்க முடியாமல் போகும். குழுவின் பல வருடக் கணக்கு அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. பில்டைவிட இதற்கே அதிக நேரம் கொடுங்கள். அவசரம் என்றால் கிரேடில் பிராப்பர்ட்டீஸில் முழுநிலையை நிறுத்திவைக்கலாம், ஆனால் அதை நிரந்தரமாக வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கரிசல்காடு:

ஜிசானை மாற்றினேன், குறிப்பு இல்லாத புலங்களுக்கு எழுதினேன். 2021-ஆம் ஆண்டுக் காப்புக் கோப்பும் ரிலீஸ் பில்டில் திறக்கிறது. கம்பைல் எண்ணையும் இலக்கு எண்ணையும் 35-க்கு மாற்றிச் சோதனைப் பிரிவில் ஏற்றிவிட்டேன், ஸ்டோர் ஏற்றுக்கொண்டது.

தேடி வருபவர்களுக்காக இறுதி நிலை: ப்ளகின் 8.6.1, கிரேடில் 8.7, கோட்லின் 1.9.24, ரூம் 2.6.1, ஜிசான் 2.11.0, ஓட்டும் ஜாவா 21, இரண்டு மாட்யூல்களிலும் டார்கெட் 17.

ஒன்று மட்டும் மீதம். ஆண்ட்ராய்டு 15 தொலைபேசியில் தலைப்புப் பட்டை மேலே நிலைப்பட்டைக்கு அடியில் போய்விடுகிறது. பழைய தொலைபேசிகளில் சரியாக இருக்கிறது. இதுவும் பதிப்புப் பொருத்தச் சிக்கலா?

தறிச்சத்தம்:

பில்ட் கருவிகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இலக்கு 35 ஆனதும், ஆண்ட்ராய்டு 15 செயலியைத் திரையின் விளிம்பு வரை விரித்தே காட்டும். இன்செட்ஸ் எனப்படும் ஓர அளவுகளைக் கேட்டு வாங்கி, தலைப்புப் பட்டைக்கு அவ்வளவு உள்ளிடம் விடுங்கள். தீமில் ஒரு பண்பு எழுதி இப்போதைக்கு விலக்கும் பெறலாம், ஆனால் இலக்கு 36 ஆனதும் ஆண்ட்ராய்டு 16 அந்த விலக்கை மதிக்காது. திரைகள் குறைவான செயலிதானே, இப்போதே ஓர அளவுகளைச் சரிசெய்துவிடுங்கள்.