தக்காளிச் செடி பச்சையாகவே வாடுகிறது, அவசரம்

ஈசூன் வாசல் (காலை 7.52)
வணக்கம். என் தக்காளிச் செடி வாடுகிறது. நேற்று ஒன்று போனது, இன்று அடுத்தது. தண்ணீர் ஒழுங்காகத்தான் ஊற்றுகிறேன். என்ன மருந்து அடிப்பது? வேலைக்குக் கிளம்புகிறேன், சீக்கிரம் சொல்லுங்கள்.

மண்புழு (8.05)
தொட்டியா, சமூகத் தோட்டத்துப் பாத்தியா? வெயில் எவ்வளவு நேரம்? இலை மஞ்சளா, பச்சையா? படம் இருந்தால் போடுங்கள்.

கறிவேப்பிலை (8.11)
கால்சியம் குறைவுதான். முட்டை ஓட்டை நன்றாகக் காயவைத்து மிக்ஸியில் பொடித்துப் போடுங்கள். என் வீட்டில் எல்லாச் செடிக்கும் அதுதான்.

பழைய விவசாயி (8.40)
நோய் என்னவென்று தெரியாமலே மருந்து கேட்பது இங்கே வழக்கமாகிவிட்டது. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை, மாத்திரை கொடுங்கள்" என்று மட்டும் சொல்வீர்களா? கால்சியம் குறைந்தால் காயின் அடிப்பாகம் கறுத்து அமுங்கும், செடி வாடாது. அடிப்படையாவது தெரிந்துகொண்டு பதில் சொல்லலாம், கறிவேப்பிலை. அப்புறம், தக்காளி நம் சிங்கப்பூருக்கான செடியே இல்லை. இரவு 21 டிகிரிக்கு மேலே போனாலே பிஞ்சு பிடிப்பது குறையும். நமக்கு விடியற்காலையிலேயே 25. மலேசிய மலைப்பகுதியான கேமரன் ஹைலண்ட்ஸ் தக்காளி தெக்கா சந்தையில் கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

கறிவேப்பிலை (8.46)
நான் செர்ரித் தக்காளி வளர்த்து ரசம் வைத்திருக்கிறேன், ஐயா. உங்களுக்குக் காய்க்கவில்லை என்றால் ஊரில் யாருக்குமே காய்க்காதா?

ஈசூன் வாசல் (மதியம் 12.34)
சாரி, கூட்டத்தில் இருந்தேன். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரம், தொட்டி. காலை வெயில் 11 மணி வரை வரும். இலை பச்சைதான். படம் எடுக்க மறந்துவிட்டேன்.

மண்புழு (12.41)
புள்ளி, வளையம் ஏதும் இல்லையா? கீழ் இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி இருந்தால் இலைக்கருகல். இலைக்கு அடியில் வெள்ளை ஈ பறக்கிறதா? இலை சுருண்டிருக்கிறதா?

பஞ்சகவ்யப் பிரியன் (12.50)
எதுவாக இருந்தாலும் 3 சதவீதப் பஞ்சகவ்யக் கரைசலை வேருக்கும் இலைக்கும் ஊற்றுங்கள். இரண்டே வாரம். ஊரில் என் தாத்தா இதைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை.

செங்காங் மாமி (1.02)
தம்பி, தாத்தாவுக்கு நாலு ஏக்கர் இருந்திருக்கும். எனக்கு இருப்பது அடுத்த வீட்டுக் கதவுக்குப் பக்கத்தில் நாலு தொட்டி. நானும் ஒருமுறை ஊற்றினேன். மறுநாள் எதிர் வீட்டுப் பாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு மின்தூக்கிக்குப் போனார். இன்றைக்கும் சரியாகப் பேசுவதில்லை.

பஞ்சகவ்யப் பிரியன் (1.09)
சரியாக நொதித்தால் நாறாது. நீங்கள் வாங்கியது கலப்படம்.

செங்காங் மாமி (1.15)
நாறாத பஞ்சகவ்யத்தைக் கண்டால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

தோ பாயோ தொட்டி (1.20)
இருவரும் அந்தச் சண்டையைத் தனியாகப் போடுங்களேன். @ஈசூன் வாசல், முதலில் மதியம் மட்டும் தொங்கி, மாலையில் நிமிர்ந்ததா? அந்தத் தொட்டியில் முன்பு என்ன வளர்ந்தது? பதில் பார்த்த பிறகுதான் பேச முடியும். இன்று மாலையில், வாடிய செடியின் தண்டை மண்ணுக்குச் சற்று மேலே வெட்டி, ஒரு விரல் நீளத் துண்டைச் சுத்தமான கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டு முனை கீழே இருக்கும்படி தொங்கவிடுங்கள். டம்ளரை அசைக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து ஐந்து, பத்து நிமிடம் பாருங்கள். கத்தரிக்கோலை வேறு செடியில் வைத்துவிடாதீர்கள்.

பழைய விவசாயி (1.31)
பரவாயில்லை, ஒருவராவது கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

ஈசூன் வாசல் (இரவு 9.18)
செய்தேன். தண்டின் முனையிலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை மெதுவாகக் கீழே இறங்கியது, சிகரெட் புகையைத் தலைகீழாகப் பார்த்த மாதிரி. பத்து நிமிடத்தில் தண்ணீரே கலங்கிவிட்டது. ஆமாம், முதல் இரண்டு நாள் மாலையில் நிமிர்ந்தது, அதனால் வெயில்தான் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியில் முன்பு கத்திரிக்காய். அதுவும் இப்படித்தான் போனது.

தோ பாயோ தொட்டி (9.33)
அந்த வெள்ளை இழை கிருமிதான். அப்படியானால் பாக்டீரியா வாடல், கிருமியின் பெயர் ரால்ஸ்டோனியா. வேரில் உள்ள காயம் வழியே நுழைந்து தண்ணீர் ஏறும் குழாயை அடைத்துவிடும். அதனால்தான் மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் சாகிறது, இலையும் பச்சையாகவே தொங்குகிறது. இதற்கு மருந்து கிடையாது, வேப்பெண்ணெயும் உதவாது.

கத்திரி, தக்காளி, மிளகாய், உருளை எல்லாம் ஒரே குடும்பம். அந்த மண்ணில் இவை எதுவும் வேண்டாம், கிருமி நெடுநாள் தங்கும். செடியை மண்ணோடு பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியிலோ புளோக்குக்குக் கீழே உள்ள செடிப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். தொட்டியைக் கழுவி, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீரில் ஊறவையுங்கள், கத்தரிக்கோலையும் சேர்த்து. மற்ற செடிகள் ஒரே தட்டில் நிற்கின்றனவா?

ஈசூன் வாசல் (9.40)
ஆமாம், நீளத் தட்டு. மிளகாயும் அதில்தான்.

தோ பாயோ தொட்டி (9.42)
உடனே பிரியுங்கள். ஒரு தொட்டியில் வடியும் தண்ணீரை அடுத்த தொட்டி குடிக்கிறது. தட்டில் தண்ணீர் தேங்கினால் கொசு வேறு.

பழைய விவசாயி (9.55)
திரும்பவும் தக்காளிதான் என்றால் புது மண்ணில் ஒட்டுச் செடி வையுங்கள். தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் வாடலைத் தாங்கும் கத்திரி வேரில் தக்காளியை ஒட்டச் சொல்கிறது. சுண்டைக்காய் வேரிலும் செய்கிறார்கள். சுண்டைச் செடி இங்கே காலி இடங்களில் தானாகவே முளைத்து நிற்கும். பிளேடு கூர்மையாக இருக்க வேண்டும், பொறுமையும் வேண்டும். இந்த இழையில் இரண்டாவது யாரிடமும் இல்லை.

மண்புழு (10.02)
உங்களிடம் இருக்கிறதா ஐயா?

கறிவேப்பிலை (10.04)
😂

பஞ்சகவ்யப் பிரியன் (10.10)
முன்கூட்டியே பஞ்சகவ்யம் ஊற்றியிருந்தால் கிருமி வந்தே இருக்காது.

செங்காங் மாமி (10.12)
கிருமி மட்டுமா, யாருமே வந்திருக்க மாட்டார்கள்.

ஈசூன் வாசல் (நான்கு நாள் கழித்து)
இரண்டு செடியும் மண்ணும் போயாச்சு. மூன்றாவது தக்காளி தனியாக நிற்கிறது, மதியம் லேசாகத் தொங்குகிறது. மிளகாய் நன்றாக இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

மண்புழு
மூன்றாவதையும் டம்ளரில் பார்த்தீர்களா?

மண்புழு (ஒரு வாரம் கழித்து)
@ஈசூன் வாசல்?

பஞ்சகவ்யப் பிரியன்
என்னிடம் அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது. உட்லண்ட்ஸில் வந்து வாங்கிக்கொள்பவர்களுக்கு இலவசம். கொஞ்சம் சீக்கிரம் வந்தால் நல்லது, வீட்டில் திட்டுகிறார்கள்.